பதினான்காவது கேள்வி

வார்டில் நர்ஸ்களின் இரவுப் பணி தொடங்க ஏழு மணி நேரம் இருந்தது. அந்தக் கணக்கை வைத்திருந்தவர் அப்பா. அவள் அறைக்குள் வந்ததிலிருந்து மூன்று முறை நேரம் கேட்டுவிட்டார்.

"ஒரு மணிப்பா. இப்பத்தான சொன்னேன்?"

"ஓ. சரிங்க."

பெற்ற மகளிடம் அப்பா 'ங்க' போட்டுப் பேசியதை அவள் இன்றுதான் கேட்கிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் கழுதை. கோபம் வந்தாலும் கழுதை, பாசம் வந்தாலும் கழுதை. அவள் பட்டம் வாங்கிய அன்று, "என் கழுதை பட்டம் வாங்கிடுச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனவர் அவர்.

வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கிறோம், கழுத்தில் அட்டை தொங்குகிறது, கட்டில் அருகில் வார்டு சிஸ்டர் வேறு நிற்கிறாள், அதனால்தான் இந்த மரியாதை என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனம் ஒப்பவில்லை.

அந்த மருத்துவமனையின் தர மேம்பாட்டுப் பிரிவில் அவளுக்குத் தற்காலிக வேலை. சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. படித்தது புள்ளியியல். நோயாளிகள் இங்கே எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்று பெரிய ஆய்வு ஒன்று நடத்தப்போகிறார்கள். யாரிடம் கேட்பது, எங்கே வைத்துக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அதை வடிவமைக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருந்தது. இருபது கேள்விகள் எழுதியிருந்தாள்; 'ரொம்ப திருப்தி' என்றால் ஐந்து மதிப்பெண். முதலில் பத்துப் பேரிடம் சோதித்துப் பார்த்துவிட்டு வா என்று தலைமை மருத்துவர் சொல்லியிருந்தார். நான்கு மணிக்கு அவர் அறையில் கூட்டம். ஊழியர்களின் சொந்தக்காரர்கள் என்றால் மறுக்க மாட்டார்கள் என்று, சோதனைக்கு அவர்களையே பிடிப்பது அங்கே வழக்கம். பத்தாவது ஆளாக அப்பா மாட்டினார்.

முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பத்து நாளைக்கு முன்னால் பஸ் படியிலிருந்து இறங்கும்போது விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. வீக்கம் வடியட்டும் என்று காலைத் தூக்கிக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். நாளைக் காலை அறுவை சிகிச்சை.

"டாக்டர்கள் உங்ககிட்ட பேசின விதம்?"

"ரொம்ப திருப்திங்க."

"சாப்பாடு?"

"ரொம்ப திருப்திங்க."

"படுக்கை விரிப்பெல்லாம் சுத்தமா இருக்கா?"

"ரொம்ப ரொம்ப திருப்தி."

வார்டு சிஸ்டர் சிரித்தாள். "எல்லாப் பேஷண்டும் உங்கப்பா மாதிரி இருந்துட்டா எங்களுக்கு ரத்தக் கொதிப்பே வராது."

அப்பாவைத் தெரிந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். குறை சொல்வது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. புதுச்சட்டை தைத்து வந்தால் காலர் கோணல். வெயில் அடித்தால் ஏன் அடிக்கிறது, மழை பெய்தால் இப்போதா பெய்ய வேண்டும். அடுத்தவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வருவார். இங்கே வந்த முதல் மூன்று நாளும் அப்படித்தான். மின்விசிறி பேய் மாதிரிக் கத்துகிறது. காபி, பாத்திரம் கழுவிய தண்ணீர். பக்கத்துக் கட்டில்காரன் வாயை மூடுவதே இல்லை. அந்தக் கடைசிக் குறையை மட்டும் நாலாம் நாளே வாபஸ் வாங்கிவிட்டார். அந்த மனிதருக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து காபியைத் திட்டினார்கள்.

வார்டின் கோடியில் இருந்த அறை அது. இரண்டே கட்டில்கள். ரேடியோவின் கட்டில் இப்போது காலி, விரிப்பில் மடிப்புக்கூடக் கலையவில்லை. மூன்று நாளைக்கு முன்னால், விடியற்காலை ஆறு மணிக்கு, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். அன்று காலை அவள் வந்தபோது அப்பாவுக்குக் குரலே இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சளி என்றார். தொண்டையில் வைத்துக் கொப்பளிக்க உப்புத் தண்ணீர் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. சிநேகிதர் போன துக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பதினான்காவது கேள்விக்கு வந்தாள்.

"அழைப்பு மணிய அமுக்கினா எவ்வளவு நேரத்துல வர்றாங்க?"

 அப்பா கட்டில் கம்பியில் தொங்கிய சிவப்புப் பொத்தானைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். காலிக் கட்டில் பக்கம் கண் போய், பாதியிலேயே திரும்பியது. இடது கை போர்வையைக் கசக்கிக்கொண்டிருந்தது.

"உடனே வந்துருவாங்க."

"ராத்திரியிலயும்?" இது தாளில் இல்லாத கேள்வி. வாய் தவறி வந்துவிட்டது.

"வருவாங்கன்னு சொல்றேன்ல!" குரல் உயர்ந்து, உடைந்து, அடங்கியது. "ரொம்ப திருப்திங்க."

"அப்பாவுக்குக் கோவம் வந்துடுச்சு," என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் எட்டிப் பொத்தானை அமுக்கினாள். வெளியே டிங்கென்று சத்தம் கேட்டது. அவள் கையை எடுப்பதற்குள் ஒரு நர்ஸ் வாசலில் வந்து நின்றாள். "பாத்தீங்களா? பறந்து வருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிக்கும்போது அவர் நெற்றி வேர்த்திருந்தது. 

அவர்களுடைய அலுவலகம் அடித்தளத்தில், உடைந்த சக்கர நாற்காலிகளை அடுக்கிய அறைக்குப் பக்கத்தில் இருந்தது. விவரங்களைக் கணினியில் ஏற்றுகிறவரை எல்லோரும் எக்செல் அண்ணன் என்பார்கள். மனைவியோடு சண்டை போட்டால்கூட அட்டவணை போட்டுத்தான் பேசுவார் என்று கேலி.

"பத்துப் பேர். இருபது கேள்வி," என்றார் திரையைப் பார்த்தபடி. "எல்லாம் அஞ்சுக்கு அஞ்சு. ஒரே ஒரு நாலு இருக்கு, அதுவும் பேனா வழுக்கியிருக்கும். தலைமை டாக்டர் குளிர்ந்துடுவார், போ."

"அண்ணே, இது தப்பு."

"எல்லாரும் சந்தோஷமா இருக்கிறது தப்பா? என்ன பொண்ணும்மா நீ!"

"யார் வாயில வெச்சாலும் ஒரே அளவு காட்டுற தெர்மாமீட்டர வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

எக்செல் அண்ணன் நாற்காலியைத் திருப்பினார். "நல்லாத்தான் பேசற. நாலு மணிக்கு அவர் முன்னாடி இதே மாதிரி பேசு பாப்போம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து மாதக் கூட்டங்களில் அவள் மொத்தமாகப் பேசியது 'சரி டாக்டர்' மட்டும்தான். அதுவும் பாதி நேரம் வெளியே கேட்காது.

"அந்தக் கடைசிக் கேள்விய எடுத்துட்டல்ல?" என்றார் அவர்.

"எடுத்துட்டேன்."

முதலில் இருபத்தொரு கேள்விகள் இருந்தன. 'நாளை உங்கள் கட்டிலுக்கு வருபவரிடம் என்ன சொல்வீர்கள்?' என்பது கடைசி. பதிலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எக்செல் அண்ணன் தலையில் கை வைத்ததால் அடித்துவிட்டாள்.

அவர் திரையில் அடுத்த பக்கத்துக்குப் போனார். யாரிடம் கேட்பது என்ற பகுதி. "குணமாகி வீடு திரும்புவோர். சரியான ஆளுங்களாப் பாத்துத்தான் புடிச்சிருக்க. வீட்டுக்குப் போற சந்தோஷத்துல நல்லதாத்தான் சொல்லுவான். செத்தவங்க யாரும் இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல, தெரியுமா?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். 

'குணமாகி வீடு திரும்புவோர்' என்ற வரியை எழுதியவள் அவள். ரேடியோவிடம் யாரும் போய் எதுவும் கேட்கப்போவதில்லை. அவருக்குப் பதிலாகச் சொல்லக்கூடியவர் நாலடி தள்ளிப் படுத்திருந்த ஒருவர்தான். அவர் ரொம்ப திருப்தி என்கிறார்.

அன்று ராத்திரி அந்த அறையில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன? அடித்தார்களா? மருந்தை மாற்றிக் கொடுத்தார்களா? மணியைக் கண்ணெதிரே அமுக்கிக் காட்டினார்கள், நன்றாகத்தான் அடித்தது. அப்புறம் எதற்கு அந்த வேர்வை? ஏழு மணிக்குப் பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆண்கள் வார்டில் ராத்திரி யாரும் துணைக்குத் தங்கக் கூடாது. எட்டுக்கு ஆள் மாறும். நாளை ராத்திரி இன்னும் மோசம். அறுவை சிகிச்சை முடிந்து, பாதி மயக்கத்தில், அந்தக் கோடி அறையில் தனியாகக் கிடப்பார். அதற்குள் அவர் வாயைத் திறக்காவிட்டால், எதனிடம் விட்டுப் போகிறோம் என்று தெரியாமலே அப்பாவை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

எதிரே கிடந்த தாள்களை மறுபடி பார்த்தாள். இந்த முறை வடிவமைத்தவளாக இல்லாமல், குற்றம் கண்டுபிடிக்க வந்தவள் மாதிரி. எங்கே வைத்துக் கேட்டாய்? அவர் இன்று ராத்திரி படுக்க வேண்டிய கட்டிலில் வைத்து. யார் கேட்டது? மருத்துவமனையின் கோட்டுப் போட்ட ஒருத்தி. யார் முன்னால்? அவருக்கு ஊசி போடப்போகிறவள் முன்னால்.

எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கழுத்து அட்டையையும் கழற்றினாள்.

"எங்க கிளம்பிட்ட? கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கு," என்றார் எக்செல் அண்ணன்.

"இன்னொரு தடவ கேக்கப் போறேன்."

"யார?"

அவள் படியேறினாள்.

அறுவை சிகிச்சைக்கு முன்பு நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று மூன்று மணிக்கு அப்பாவை அழைத்துப் போனார்கள். முறிந்த காலைப் பலகையில் நீட்டி வைத்து, சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தள்ளிக்கொண்டு போன ஊழியரிடம், "நான் பாத்துக்கறேன், நீங்க போய்க் காபி குடிங்க," என்றாள். அவர் இரண்டாம் தடவை சொல்ல விடவில்லை.

எக்ஸ்ரே அறைக் கதவு சாத்தியிருந்தது. நடையின் கோடியில் ஒரு ஜன்னல். கீழே சலவைக்கூடம். சூடான துணி வாசனை மேலே வந்தது. ஜன்னலோரம் நாற்காலியை நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டினாள்.

"கோட்டு எங்க?" என்றார் அப்பா.

"கழட்டிட்டேன். இங்க யாரும் இல்லப்பா."

"அதான் தெரியுதே. படம் எடுக்கிறவனையும் காணோம். மூணு மணின்னா இவங்க ஊர்ல அஞ்சு மணியா?"

பழைய அப்பா ஒரு விநாடி எட்டிப் பார்த்தார். அவளுக்கு உயிர் வந்தது.

"அன்னைக்கு ராத்திரி என்ன ஆச்சு?"

"என்னைக்கு?"

"ரேடியோ போன அன்னைக்கு."

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "தூக்கத்துல போயிட்டாரு. கொடுத்து வெச்ச மனுஷன்."

"உங்க தொண்டை ஏன் கட்டுச்சு?"

"சளி."

"சளின்னா மூக்கு ஒழுகணும். உங்களுக்கு ஒழுகவே இல்ல."

"பெரிய டாக்டரு, வந்துட்டா." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரு கழுதை. நீ இங்க வேலை பாக்கிறவ. அதுவும் ஒட்டியும் ஒட்டாத வேலை. நாளைக்கு என் காலை வெட்டித் தைக்கப் போறவங்க இவங்க. தைச்சதுக்கப்புறம் பாத்துக்கப் போறவங்களும் இவங்கதான். வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போது டிரைவர்கிட்ட சண்டைக்குப் போகக் கூடாது. இறங்கினப்புறம் போட்டுக்கலாம் சண்டைய."

"இறங்குற வரைக்கும் வண்டி ஒழுங்காப் போகணுமேப்பா."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். 

"அந்தப் பொண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும்," என்றார்.

"எந்தப் பொண்ணுக்கு?"

"ராத்திரி டூட்டிக்கு வருதே, அது. முப்பத்திரண்டு கட்டிலுக்கு ஒத்தப் பொண்ணு. அவர் போன அன்னைக்குக் காலைல என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அப்பான்னு கூப்பிட்டு அழுதுச்சு. நான் என்ன பண்ணுவேன்?" சட்டென்று நிறுத்திவிட்டார். அதிகம் பேசிவிட்டதுபோல் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார். "மணி என்ன?"

"மூணு இருபது."

"எட்டுக்கு இன்னும்..." விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். விரல் மடங்க மறுத்தது. கை அப்படி நடுங்கியது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பயமா இருக்குடி."

அந்தச் சொல்லை அவர் வாயால் அவள் கேட்டதே இல்லை. பிரேக் போன பஸ்ஸை மேட்டில் ஏற்றி நிறுத்திய கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறார். அதில் பயணிகள்தான் பயப்படுவார்கள். கண்டக்டர் பயப்படுவார். அவர் பயந்ததே கிடையாது.

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். என்னப்பா, எதுக்குப் பயம் என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் நிறுத்திக்கொண்டாள். இப்படி நேராகக் கேட்டுக் கேட்டுத்தான் அவரை வாயை மூட வைத்திருக்கிறாள். வேறு வழியாகப் போக வேண்டும். எந்த வழி?

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

தலைமை மருத்துவர் வந்துகொண்டிருந்தார். வேகமாக நடக்கிறவர், வேகமாகப் பேசுகிறவர். "என்னம்மா, தரையில என்ன பண்ற? நாலு மணிக்குத் தயாரா?"

அவள் எழுந்தாள். "தயார், டாக்டர்."

"பத்துப் பேர் சோதனை எப்படி வந்துச்சு?"

"எல்லாரும்... அஞ்சு, டாக்டர்."

"அட! அப்போ இதே கேள்வி, இதே முறை. அடுத்த வாரமே ஆரம்பிச்சுடலாம். வீட்டுக்குப் போற அன்னைக்குக் கட்டில் பக்கத்துலயே வெச்சு, வார்டு நர்ஸே கேட்டுடட்டும்." அப்பாவைக் குனிந்து பார்த்தார். "இவர்தான் உங்கப்பாவா? என்ன பெரியவரே, இங்க எல்லாம் திருப்தியா?"

"ரொம்ப திருப்திங்க," என்றார் அப்பா.

சாவி கொடுத்த பொம்மை மாதிரி வந்தது அது.  'சரி டாக்டர்' என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் இவர் போய்விடுவார். எட்டு மணி வந்துவிடும்.

"அது தப்பு, டாக்டர்."

அவர் நடக்கத் திரும்பியிருந்தார். "என்ன சொன்ன?"

"அந்த அஞ்சு தப்பு."  அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "கட்டில்லயே வெச்சுக் கேட்டேன். சிஸ்டர் பக்கத்துல நின்னாங்க. ராத்திரி அதே கட்டில்ல படுக்கப் போறவரு வேற என்ன சொல்ல முடியும்? இப்படியே கேட்டா ஆயிரம் பேரும் அஞ்சுதான் சொல்லுவாங்க. நமக்கு எதுவுமே தெரிய வராது, டாக்டர்."

இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதில்லை. அவள் முகத்தைச் சற்று வியப்போடு பார்த்தார். "சரி. வேற எப்படிக் கேக்கணும்ங்கிற?"

"வார்டுக்கு வெளிய. கோட்டு இல்லாம. திருப்தியான்னு கேக்காம." அடித்துவிட்ட அந்தக் கேள்வி அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பாவின் பக்கம் திரும்பினாள். மறுபடி மண்டியிட்டு, நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்தாள்.  "அப்பா, நீங்க நல்லாகி வீட்டுக்கு வந்துடறீங்க. மறுநாள் உங்க கட்டிலுக்குப் புதுசா ஒருத்தர் வர்றாரு. அவர்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

தலைமை மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் போகவில்லை.

அப்பா அவளைப் பார்த்தார். மருத்துவரைப் பார்த்தார். நீட்டி வைத்த தன் காலைப் பார்த்தார். கீழே சலவை இயந்திரம் ஓடி ஓடி நின்றது.

"யாரு வர்றது?" என்றார். "டிரைவரா?"

"டிரைவர்னே வெச்சுக்குங்க."

"டிரைவர்னா சொல்லித்தான் ஆகணும்." தொண்டையைச் செருமினார். கரகரத்தது, மறுபடி செருமினார். "முப்பது வருஷம் மணிச் சத்தத்துக்கு வண்டிய நிறுத்தினவன் நான். யார் அடிச்சா, எதுக்கு அடிச்சான்னு பாக்க மாட்டேன். மணி அடிச்சா நிறுத்தணும், அவ்வளவுதான். அந்த நெனப்புல இங்க படுத்துடாதப்பான்னு சொல்லுவேன்."

"ஏன்?" என்றார் தலைமை மருத்துவர்.

அப்பா இப்போது அவரை நேராகப் பார்த்தார். மகளின் விரல்களை அவர் நெரித்த நெரிப்பில் அவளுக்கு வலித்தது.

"பக்கத்துக் கட்டில்காரர் ஆறு மணிக்குப் போகல, டாக்டர். தூக்கத்துலயும் போகல. ரெண்டு மணிக்கு நெஞ்சப் புடிச்சாரு. அவரும் அமுக்கினாரு, நானும் அமுக்கினேன். நாலடிதான், என் காலைத் தூக்கிக் கட்டியிருக்கு, இறங்க முடியல. தொண்டை கிழியக் கத்தினேன், கதவு சாத்தியிருந்துச்சு, யாருக்கும் கேக்கல. அந்தப் பொண்ணத் திட்டிப்புடாதீங்க, காலைல அதுவே சொல்லி அழுதுச்சு, ஒத்த ஆளு அத்தனை கட்டிலுக்கும் எப்படி ஓடும்? எல்லா மணியும் வந்து சேர்ற இடத்துல ஒரு ஸ்விட்ச் இருக்காம்." மூச்சு வாங்கினார். "ராத்திரியில அத நிறுத்தி வெச்சிடறாங்க."